ஒரு சாண் தள்ளி

எங்கள் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் அவருக்கு இரண்டு பெயர். நேரில் பார்த்தால் மீட்டர்காரர். நாலடி நகர்ந்துவிட்டால் நடுங்கி. தொடைநடுங்கி என்று முழுசாகச் சொல்ல நேரமில்லாதவர்கள் சுருக்கி வைத்த பெயர் அது. எனக்கு அவர் சகலை. அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான் கட்டினேன். மாமனார் வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே மரியாதை, அதாவது இருவருக்கும் கிடையாது.

வேலையும் ஒன்றாகத்தான். எண்ணெய் ஓடுகிற இரும்புக் குழாயை உள்ளிருந்து எண்ணெய் அரிக்கும், வெளியிலிருந்து மழையும் காற்றும் அரிக்கும். எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஓட்டத்தை நிறுத்தாமலே கண்டுபிடிக்க ஒரு கைக்கருவி இருக்கிறது. அதன் முனையை இரும்பின் மேல் வைத்தால், காதுக்குக் கேட்காத ஒரு ஒலி குழாய்ச் சுவருக்குள் போய் மறுபக்கம் மோதித் திரும்பும். திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து மீட்டர் சுவரின் தடிமனைக் காட்டும். அதைப் பார்ப்பது அவர் வேலை. என் வேலை அதற்கு முந்தியது. சூடான குழாய்களுக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றி, அதற்கு மேல் அலுமினியத் தகடு போர்த்தியிருக்கும். அந்தப் போர்வையைப் பிரிப்பதும் மூடுவதும் நான். நான் திறப்பேன், அவர் அளப்பார், நான் மூடுவேன். இப்படியே எங்கள் பாதி ஆயுள் போய்விட்டது.

பயப்படுவதில் அவருக்கு நிகர் அவர்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு இருட்டே தேவையில்லை, பட்டப்பகல் போதும். சினிமாவுக்குப் போனால் கதவோரம்தான் உட்காருவார். லிஃப்டில் ஏற மாட்டார். நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருக்கிறோம். வீடு பார்க்க வந்த அன்றே, "மாடி உங்களுக்கு, கீழ எங்களுக்கு" என்று முந்திக்கொண்டார். பெருந்தன்மை என்று நினைத்தேன். தீப்பிடித்தால் முதலில் வெளியே ஓடலாம் என்ற கணக்கு அது என்று பிறகு அவர் மனைவி சொல்லித் தெரிந்தது. அதோடு விட்டாரா? எங்கள் மாடி வராந்தாவின் இரும்புக் கைப்பிடியில் அடியில் துரு ஏறியிருக்கிறது என்று சொல்லி, யாரும் சாயாதபடி குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டார். அதில் என் மனைவி துணி காயப்போடுகிறாள். வாரம் ஒருமுறை வந்து முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார்.

என் மகள் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் கேட்டாள், "பெரியப்பா, உங்களுக்குப் பேய்னா பயமா?"

"பேய் துருப்பிடிக்காது பாப்பா. அதுக்கு எதுக்குப் பயப்படணும்?" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு உயரத்தில் ஏறும் வேலைக்கு எதற்கு வந்தீர்கள் என்று நானும் கேட்டிருக்கிறேன். "வந்ததுக்கு அப்புறம்தான் பயமே வந்துச்சு. அதுக்குள்ள கல்யாணம் ஆயிருச்சு" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

தினமும் காலையில் ஏணியின் முதல் படியில் கால் வைக்கும்போது அவர் உதடுகள் அசைய ஆரம்பிக்கும். மேலே போய்ச் சேரும்வரை அசைந்துகொண்டே இருக்கும். சாமி கும்பிடுகிறார் என்று சிலர் சொன்னார்கள். ஆலைக்காரர்களை வைகிறார் என்று சிலர் சொன்னார்கள். நான் கேட்டதில்லை. அவரவர் வாய், அவரவர் இஷ்டம்.

அளப்பதில் ஒரு வழக்கம் உண்டு. குழாயில் எங்கே வேண்டுமானாலும் மீட்டரை வைக்க மாட்டோம். ஒவ்வொரு குழாயிலும் இன்ன இன்ன இடம் என்று குறித்து, அந்த இடத்தில் மட்டும் போர்வையில் வட்டமாக ஒரு ஜன்னல் வெட்டி, ரப்பர் மூடி போட்டிருப்பார்கள். மூடியை எடுத்தால் உள்ளே இரும்பின் மேல் பெயின்டில் ஒரு வட்டம். வருஷா வருஷம் அதே வட்டத்துக்குள்தான் அளக்க வேண்டும். போன வருஷத்தோடு ஒப்பிட வேண்டும் அல்லவா? அளந்து முடித்ததும் மீட்டர் முனைக்காகத் தடவிய பசையைத் துடைத்து, காயவைத்து, கொஞ்சம் பெயின்ட் தொட்டு, மூடியை இறுக்கிவிடுவேன். குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் திறந்தால் அதே மாதிரி இருக்கும். மீட்டரும் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டும். எல்லாருக்கும் சந்தோஷம்.

அன்றைக்கு எங்களுக்கு விழுந்தது நாப்தா குழாய். நாப்தா என்பது பெட்ரோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. தண்ணீரைப் போலத் தெளிவாக, தண்ணீரைவிட மெல்லியதாக இருக்கும். சூடாக, அழுத்தத்தோடு அந்தக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சின்ன வழி கிடைத்தால் போதும், வெளியே வந்து ஆவியாகப் பரவிவிடும். பரவிய பிறகு எங்கேயோ ஒரு பொறி. அவ்வளவுதான், அப்புறம் யாரும் யாரையும் தேட வேண்டாம்.

மழைக்காலம் முடிந்து வெயில் அடிக்க ஆரம்பித்திருந்தது. எங்களுக்காகச் சாரம் கட்டியிருந்தார்கள். நான்தான் முதலில் ஏறினேன். மேலே போய்ப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்ட வேண்டிய இடத்தில் ஏதோ கிரேன் நின்றதாம். அதனால் ஒரு தூண் தள்ளிக் கட்டியிருந்தார்கள். எங்கள் ரப்பர் மூடி, கையை நீட்டினாலும் எட்டாத தூரத்தில், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

சாரம் கட்டுகிற மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "நாளைக்கு மாத்திக் கட்டித் தர்றேண்ணே" என்றார். அவருடைய நாளை எனக்குத் தெரியும். வாக்கி-டாக்கியில் இன்ஜினியரைப் பிடித்தேன். "சாரம் நிக்கற இடத்துலயே ஒரு தகட்டப் பிரிச்சு அளந்துருங்க. புதுசா ஒரு ஜன்னல் போட்ட மாதிரி ஆச்சு" என்றார். நியாயமாகத்தான் இருந்தது.

உதடு அசைய ஏறி வந்த சகலைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "வேணாம் சகலை. நாளைக்கே பாத்துக்கலாம்."

"ஏன்?"

"பழக்கமில்லாத எடம்."

"குழாய் அதே குழாய்தானே? ஒரு சாண் தள்ளிப் போனா ஊரே மாறிடுமா?"

அவர் பலகையில் உட்கார்ந்து பையைத் திறந்தார். நான் ஒற்றை முட்டியைக் குத்தி, மற்றக் காலின் முன்பாதத்தில் பாரத்தைப் போட்டு உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினேன். பாதி திருகாணி தலை தேய்ந்து கையோடு வந்துவிட்டது. தகட்டின் மேல்மடிப்பு எப்போதோ விரிந்திருக்கிறது, எவனோ ஏறி மிதித்திருப்பான். முழுத் தகட்டையும் எடுத்ததும் உள்ளிருந்த பஞ்சு தண்ணீர் குடித்துக் கனத்துத் தொங்கியது. பிழிந்தால் பழுப்பாக ஊற்றியது. எத்தனை மழையோ அதற்குள் இறங்கி வெளியேற வழியில்லாமல் இருந்திருக்கிறது. பஞ்சை ஒதுக்கினேன்.

குழாய் தெரியவில்லை. துருதான் தெரிந்தது. மழையில் நனைந்து காய்ந்த பழைய புத்தகத்தைப் போல ஏடு ஏடாக உப்பியிருந்தது.

அடுத்தது ஒரு கண் இமைக்கும் நேரத்தில் நடந்தது. மீட்டர் முனை வைப்பதற்கு இரும்பு சுத்தமாக இருக்க வேண்டும். அதனால் அளப்பதற்கு முன்னால் கம்பி பிரஷ்ஷால் ஒரு தேய் தேய்ப்பது அவர் கைக்கு ஊறிப்போன பழக்கம். அந்தக் கை, தலையைக் கேட்காமலே, போய்த் தேய்த்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துரு ஏடு கழன்று பலகையில் விழுந்தது. அது இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளி ஈரமானது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு வியர்வைத் துளியாகத் திரண்டது. லேசாகப் புகைந்தது. பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது.

அதுவரை அந்தக் குழாயைப் பிடித்துவைத்திருந்தது இரும்பு அல்ல, துருதான். அதை எடுத்துவிட்டோம்.

அவர் பிரஷ்ஷைப் பிடித்த கையை அந்தரத்தில் அப்படியே நிறுத்தினார். மெல்ல, மிக மெல்ல, மடியில் இறக்கினார். "சகலை. அசையாதீங்க" என்றார். காதில் விழுந்ததோ இல்லையோ என்கிற குரலில் சொன்னார்.

"எறங்கிடலாம் சகலை."

"எறங்க முடியாது. அங்க பாருங்க."

பார்த்தேன். சாரம் ஆடாமல் நிற்பதற்காக ஒரு குறுக்குக் கம்பியை நீட்டி, அதன் முனையை எங்கள் குழாயின் போர்வைத் தகட்டோடு முட்டுக்கொடுத்திருந்தார்கள். முட்டியிருந்த தகட்டைத்தான் நான் பிரித்துவிட்டேனே! இப்போது அந்த முனைக்கும் வெறும் குழாய்க்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. சாரம் அசைந்தால் அந்த முனை நேராகக் குழாயில்தான் இடிக்கும். பலகையின் கடைசியில் இருந்தது அது. எழுந்து இரண்டு எட்டு வைத்தால்தான் தொட முடியும். எழுவது எப்படி?

வாக்கி-டாக்கி என் தோளில் இருந்தது. கழுத்தை மட்டும் சாய்த்துக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் அம்மாள் அன்றைக்குப் பொறுப்பில் இருந்தார். நான் பாதி சொல்லும்போதே அவர் யாருக்கோ, "வெல்டிங்க நிறுத்து, மொத்த ஆளையும் வெளிய அனுப்பு" என்று கத்தியது கேட்டது. பிறகு என்னிடம், "நீங்க ரெண்டு பேரும் உடனே எறங்குங்க" என்றார்.

"எறங்க முடியாதுக்கா. நாங்க அசைஞ்சா சாரம் குழாய்ல இடிக்கும்."

எதிர்முனையில் அவர் யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"சரி. அப்படியே இருங்க. பிரஷர மெதுவாத்தான் எறக்க முடியும். டக்குனு மூடினா அந்த அதிர்ச்சியிலயே குழா பொளந்துரும். கிரேனும் அனுப்ப முடியாது, இன்ஜின் பொறி ஒண்ணு போதும். தம்பி, கேக்குதா? ஆடாம இருங்க. அது ஒண்ணுதான் இப்ப நீங்க செய்யணும்."

கீழே காலடிச் சத்தங்கள் தடதடவென்று ஓடின. அபாயச் சங்கு அலறி ஓய்ந்தது. ஒவ்வொன்றாக இயந்திரங்கள் நின்றன. எத்தனையோ வருஷமாக என் காதுக்குள் இரைந்துகொண்டிருந்த ஆலை வாயை மூடிக்கொண்டது. மேலிருந்து பார்த்தால் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. நடுரோட்டில் யாரோ விட்டுவிட்டு ஓடிய ஒரு தலைக்கவசம் மல்லாந்து கிடந்தது. தூரத்தில், வேலிக்கு அருகே, தீயணைப்புக்காரர்கள் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்து நின்றார்கள். அவர்கள் எங்களைப் பார்த்து நின்ற விதத்தை நான் மறக்கவே மாட்டேன். நாங்கள் ஏற்கெனவே போய்விட்டவர்கள் என்பதுபோல் பார்த்தார்கள்.

நான் பயந்த ஆள் கிடையாது. சொல்லிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை, பயம் என்றால் என்ன என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஒற்றைப் பலகையில் கைவீசி நடப்பேன். கயிறு மாட்டாமல் ஏறி எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் அப்போதும் என் கவலையெல்லாம் எதிரில் இருக்கிறவரைப் பற்றித்தான். இந்த மனுஷன் கரப்பான்பூச்சிக்கே துள்ளுகிறவர். இவர் எப்படி ஆடாமல் உட்காருவார்? நம்மையும் சேர்த்துக் கொண்டுபோகப் போகிறார் என்று நினைத்தேன்.

நினைத்த மாதிரியே ஆரம்பித்தது.

டிக்.

கம்பி முனை குழாயைத் தொடுகிற சத்தம். மிக மெல்லிய சத்தம்தான், நகத்தால் பாத்திரத்தைத் தட்டினால் கேட்குமே, அவ்வளவுதான். டிக். டிக். டிக். ஒவ்வொரு தட்டுக்கும் அந்தத் துளி பெருத்தது. ஒன்று உருண்டு விழுந்தது. அடுத்தது திரண்டது.

"சகலை, கால அடக்குங்க" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

டிக் டிக் டிக்.

"உங்களக் கும்பிடறேன். என் பொண்ணு முகத்த நெனச்சுக்குங்க. அந்தக் கால அடக்கித் தொலைங்க!"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கண்ணை மட்டும் மெதுவாகத் தாழ்த்தி என் காலைக் காட்டினார்.

ஆடிக்கொண்டிருந்தது என் கால். முன்பாதத்தில் நின்ற என் இடது கால், தையல் மிஷின் மாதிரி, தானாகக் குதித்துக்கொண்டிருந்தது. அவர் கல்லாக உட்கார்ந்திருந்தார்.

நிறுத்தப் பார்த்தேன். என் கால்தானே, நான் சொன்னால் கேட்காதா? கேட்கவில்லை. இறுக்க இறுக்க அதிகமாக ஆடியது. அப்போதுதான் எனக்கு அது வந்தது. அடிவயிற்றிலிருந்து குளிர்ந்து ஏறியது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. சாகப்போகிறேன் என்பது எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது. எப்போதோ அல்ல, இங்கே, இந்தப் பலகையில், இந்தக் காலால். எழுந்து ஓடினால் என்ன என்று தோன்றியது. ஓடினால் மூன்றாவது படியில் வெடிக்கும் என்று தெரிந்தும் உடம்பு முழுக்க ஓடு ஓடு என்றது.

அவர் வேறு எதையும் அசைக்காமல் ஒரு கையை மட்டும் நீட்டினார். என் முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினார். "அதோட சண்ட போடாதீங்க. ஆடறத ஆட விடுங்க, நான் புடிச்சிருக்கேன். நீங்க நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார்.

"என்ன கேக்கப் போறீங்க?"

"காலைல கெளம்பறப்போ கேஸ் சிலிண்டர மூடினீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "யோவ் சகலை..."

"சொல்லுங்க. மூடினீங்களா?"

"அவ மூடியிருப்பா."

"குக்கருக்குப் புது வால்வு வாங்கச் சொன்னேனே?"

"வாங்கியாச்சு."

"வராந்தாக் கயிறு? முடிச்சு இறுக்கமா இருக்கா?"

"இருக்கு. நேத்து கூடத் துணி போட்டிருந்தா."

"பாப்பா சைக்கிள் பிரேக்கு?"

"சரி பண்ணிட்டேன்."

டிக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவர் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் வீடு முழுக்கச் சுற்றியது. சமையலறை, குளியலறை, மாடிப்படி, மீட்டர் பெட்டி. அவர் உதடுகள் அசைந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. தினமும் ஏணியில் ஏறும்போது அவர் சாமி கும்பிடவில்லை. இதைத்தான் செய்துகொண்டு ஏறியிருக்கிறார். ஒவ்வொரு அறையாகப் போய், எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதன் பலத்தில் அடுத்த படி.

அப்போது குழாய் சீறியது.

புள்ளி ஓட்டையாகிவிட்டது. ஊசி கனத்துக்கு ஒரு பீய்ச்சல், எங்கள் இருவர் முகங்களுக்கும் நடுவே, நூல் பிடித்தமாதிரி நேராகப் போனது. போன வழியெல்லாம் வெள்ளையாக ஆவி. கண் எரிந்தது. தொண்டை கமறியது. நான் தும்மிவிடுவேன் என்று பயந்தேன். ஒரு தும்மலுக்கு உயிரை விடப்போகிறோமே என்று பயந்தேன். என் முட்டி மறுபடி துள்ளப் பார்த்தது. அவர் விரல்கள் அதை அமுக்கிப் பிடித்தன. அவர் முகத்துக்கும் பீய்ச்சலுக்கும் நாலு விரல் தூரம்கூட இல்லை. அவர் தலையை இழுக்கவில்லை. இழுத்தால் பலகை அசையும்.

"மாடிக் குழாய் சொட்டுதே" என்றார். அதே குரலில் சொன்னார். "வாஷர் மாத்தினீங்களா?"

இல்லை என்று கண்ணால் சொன்னேன்.

"சாயங்காலம் மாத்திருங்க. நானும் வர்றேன்."

சாயங்காலம் என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இந்த மனுஷன் சாயங்காலத்தைப் பற்றிப் பேசுகிறார், அப்படியென்றால் சாயங்காலம் என்று ஒன்று வரும். வாஷரைப் பற்றியே நினைத்தேன். கறுப்பு ரப்பர், நடுவில் ஓட்டை, கடையில் சில்லறைக்குக் கிடைக்கும். அதைத் தவிர வேறு எதையும் நினைக்க மறுத்தேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பீய்ச்சல் வளைய ஆரம்பித்தது. நேராகப் போனது தாழ்ந்தது, தாழ்ந்து குழாயை ஒட்டி வழிந்தது, வழிந்து சொட்டானது. சொட்டு நின்றது. தோளில் அக்காவின் குரல் கரகரத்தது: "பிரஷர் இல்ல. எறங்குங்க. மெதுவா எறங்குங்க ரெண்டு பேரும்."

சகலை என் முட்டியிலிருந்து கையை எடுத்தார். விரல்கள் பதிந்த இடம் மறுநாள்வரை கன்றிப்போய் இருந்தது. தரையில் கால் வைத்ததும் நான் வாந்தி எடுத்தேன். அவர் என் முதுகைத் தடவிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எல்லாரும் வேலியோரத்திலிருந்து ஓடி வந்தார்கள். நடுங்குகிற கையையும் பார்த்தார்கள்.

வெட்டி எடுத்த குழாய்த் துண்டைப் பிறகு எங்களுக்குக் காட்டினார்கள். ரப்பர் மூடிக்குக் கீழே இருந்த வட்டம் பளபளவென்று, புதுக் குழாயின் தடிமனோடு இருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளினாலே, விரலால் அழுத்தினால் உள்ளே போனது. இன்ஜினியர் அதை ரொம்ப நேரம் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "மூடி நல்லா இறுகியிருந்துச்சு. வருஷா வருஷம் தொறந்து, காயவச்சு, பெயின்ட் அடிச்சு வச்சிருக்கோம். குழாய்லயே நல்லா இருந்த எடம் அது ஒண்ணுதான். நாம எல்லாரும் சேர்ந்து அதையே அளந்து சந்தோஷப்பட்டிருக்கோம்" என்றார். நானும் சகலையும் அந்தத் துண்டைத் தொடவில்லை.

சாரத்தின் மேல் நடந்ததை நான் மறைக்கவில்லை. அன்றைக்கே கேன்டீனில் வைத்துச் சொன்னேன், ஆடியது என் கால், பிடித்தது அவர் கை என்று. சிரித்தார்கள். "சகலைய விட்டுக்குடுக்க மாட்டீங்களே!" என்று என் முதுகில் தட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். நடுங்கி என்று பெயர் வைத்தாகிவிட்டது, நடுங்கியவர் அவராகத்தான் இருக்க வேண்டும். என் மனைவிகூட முதலில் நம்பவில்லை. அவருக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. "விடுங்க சகலை, பேரு என்ன துருவா, அரிக்கறதுக்கு?" என்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் சொன்னபடி மாடிக்கு வந்தார். வரும் வழியில் வராந்தாக் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தார். நான் குழாயைக் கழற்ற, அவர் வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே எங்கள் மனைவிமார் இருவரும் ஏதோ பேசி அழுதுகொண்டிருந்தது கேட்டது.

"சகலை, மேல உக்காந்திருந்தப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எப்படின்னா?"

"பயமா இல்லையா?"

அவர் வாஷரை என்னிடம் நீட்டினார். "எப்பவும் போலத்தான்" என்றார்.

நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். நான் ஒருநாள் பட்டது அவருக்கு எப்பவும். குடலைப் பிசைந்த அந்தக் குளிர், அந்த ஓடு ஓடு, எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் இந்த மனுஷன் இத்தனை வருஷமாக ஒவ்வொரு காலையும் அந்த ஏணியில் ஏறியிருக்கிறார். நான் மேலே நின்று, "சீக்கிரம் ஏறுங்க, வெயில் வந்துரும்" என்று விரட்டியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனோம். வேறு குழாய், வேறு சாரம், சரியான இடத்தில் கட்டியது. வழக்கம்போல முன்னால் போய் ஏணியைப் பிடித்தேன். முதல் படியில் வைத்த கால் ஆட ஆரம்பித்தது. எடுத்தேன், மறுபடி வைத்தேன், மறுபடி ஆடியது. கேஸ், குக்கர், கயிறு என்று உதட்டை அசைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

அவர் என்னை மெல்ல விலக்கிவிட்டு முன்னால் வந்தார். என்னுடைய பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்:

"சகலை, நீங்க கீழ நின்னு ஏணியப் புடிச்சுக்குங்க. எனக்கு மேல போக பயமா இருக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த ஏணி மேலும் கீழும் இரும்புப் பட்டை போட்டு இறுக்கியது, யானை ஏறினாலும் அசையாது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். உதடுகள் அசைய அவர் ஏறினார். ஒவ்வொரு படியிலும் அவர் கால்கள் நடுங்குவதை என் உள்ளங்கையில் உணர்ந்தேன்.